நெருங்கினால் ஓட்டம், விலகினால் நடை

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)



காலாண்டுத் தேர்வின் விஞ்ஞான வினாத்தாளில் ஒரு சிறு வினா வந்தது. "கோடையில் வெப்பம் மிகுவதற்குக் காரணம் யாது?" இரண்டே மதிப்பெண். நான் சற்றும் தயங்காமல், "பூமி நீள்வட்டப் பாதையில் சூரியனைச் சுற்றுகிறது. கோடையில் அது சூரியனுக்கு அருகே வருவதால் வெப்பம் மிகுகிறது" என்று எழுதினேன். பக்கத்தில் கோழிமுட்டை போன்ற ஒரு படமும் வரைந்து, அம்புக்குறியும் இட்டு வைத்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது இரண்டு மதிப்பெண்ணும் போயிருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் சிஸ்டர் அவர்கள் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "மார்கழியில் பூமி எங்கே இருக்கிறது? வீட்டுக் காலண்டரில் தமிழ் மாதங்களின் நாட்களை எண்ணிக்கொண்டு வா."

பூமி இருக்குமிடத்தைக் காலண்டரில் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிஸ்டர் சொன்னால் செய்துதானே ஆகவேண்டும்! எங்கள் வீட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஆங்கிலத் தேதிக்குக் கீழே தமிழ்த் தேதி பொடி எழுத்தில் இருக்கும். அதை இறக்கிவைத்து, ஆயாவின் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.

சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14. ஐப்பசி முதல் தேதி அக்டோபர் 18. இடையிலுள்ள ஆறு மாதங்களுக்கு 187 நாட்கள். ஐப்பசியிலிருந்து பங்குனி முடிய உள்ள மற்ற ஆறு மாதங்களுக்கு 178 நாட்களே. ஒன்பது நாட்கள் குறைகின்றன! ஆனிக்கும் ஆடிக்கும் 31 அல்லது 32 நாட்கள் உண்டு. மார்கழிக்கோ 29 நாட்கள், சில ஆண்டுகளில் 30.

பிப்ரவரிக்கு 28 நாள் என்பதுபோல் யாரோ வைத்த கணக்கு இது என்றே நான் எண்ணியிருந்தேன். அப்படியல்லவாம். வானத்தில் சூரியன் செல்வதாகத் தோன்றும் வழியைப் பன்னிரண்டு சமபாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் இராசி என்றார்கள். ஓர் இராசியைக் கடக்கச் சூரியனுக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறதோ அதுவே ஒரு தமிழ் மாதம். பழைய பஞ்சாங்கக் கணக்குப்படி ஆனி 31 நாள் 36 நாழிகை. மார்கழி 29 நாள் 20 நாழிகை. (அறுபது நாழிகை ஒரு நாள்.) பாகங்கள் சமமாக இருக்க, கடக்கும் காலம் மட்டும் சமமாக இல்லையென்றால் என்ன பொருள்? மார்கழியில் வேகம் அதிகம், ஆனியில் குறைவு என்பதுதானே! உண்மையில் ஓடுவது சூரியன் அல்ல, நாம் நிற்கும் பூமிதான். ஜனவரி 3-ஆம் தேதியை ஒட்டிப் பூமி விநாடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஜூலை 4-ஐ ஒட்டி அதே பூமி 29.3 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது.

ஏன் இந்த வேறுபாடு? மார்கழியில்தான் நாம் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம். இதை அண்மைநிலை என்பர். ஆனியில் 15.21 கோடி கிலோமீட்டர் விலகிச் சேய்மைநிலைக்குப் போய்விடுகிறோம். அதாவது, கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் காலை ஆறு மணி வண்டிக்கு நிற்பவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்ளும் அந்த நாட்களில், சூரியன் நமக்கு ஐம்பது இலட்சம் கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது! கோடைக்கும் குளிருக்கும் காரணம் பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதே. என் கோழிமுட்டைப் படத்துக்கு மதிப்பெண் போனது நியாயந்தான்.

அந்தப் படத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. அதைச் சிஸ்டர் எனக்கு வாயால் சொல்லவில்லை, கையால் செய்யச் சொன்னார்கள். நீங்களும் செய்து பாருங்கள். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள். முனைகளை முடிந்து வளையமாக்கிய நூலை இரண்டு ஊசிகளையும் சுற்றிப் போட்டு, பென்சில் முனையால் நூலை விறைப்பாக இழுத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். கிடைப்பது நீள்வட்டம். இரண்டு ஊசிகளும் இரண்டு குவியங்கள். அவற்றுள் ஒன்றில் சூரியன் இருக்கிறது. மற்றொன்றில் எதுவும் இல்லை, வெறும் வெளிதான்.

ஊசிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நீள்வட்டத்தின் முழு நீளத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு மையத்தொலைத் தகவு என்று பெயர். (பெயரைக் கண்டு அஞ்சவேண்டாம். சூரியன் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.) இரண்டு ஊசிகளும் ஒரே இடத்தில் இருந்தால் தகவு பூச்சியம், பாதை சுத்த வட்டம். தகவு ஒன்றை நெருங்க நெருங்கப் பாதை நீண்டு ஒடுங்கிவிடும். ஒன்றைத் தொட்டுவிட்டால் பாதை மூடாது. போன பொருள் போனதுதான், திரும்பி வராது.

பூமியின் தகவு 0.0167. முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்குப் பூமியின் பாதையை வரைய விரும்பினால் ஊசிகளை ஐந்தே மில்லிமீட்டர் இடைவெளியில் குத்தவேண்டும். நூல் வளையம் முப்பதரை சென்டிமீட்டர். நான் வரைந்து பார்த்தேன். அது வட்டமேதான்! நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, நம் தலைமயிரின் பருமன்கூட இல்லை. கோழிமுட்டை எங்கே, இது எங்கே! ஆனால் சூரியன் மட்டும் நடுவை விட்டு இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டரை மில்லிமீட்டர்தான் நம் காலண்டரில் ஒன்பது நாட்களை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைத்திருக்கிறது. நீள்வட்டம் என்ற சொல்லையே அறியாமல், கண்ணால் பார்த்தும் கணக்கிட்டும் நம் பஞ்சாங்கக்காரர்கள் இதைப் பிடித்து வைத்திருந்தார்களே, அதை எண்ணும்போதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கிட்டே வந்தால் ஏன் வேகம் கூடவேண்டும்? ஒரு கல்லை நேராக மேலே எறிந்து பாருங்கள். கையை விட்டுக் கிளம்பும்போது விர்ரென்று போகும். மேலே போகப்போகத் தளர்ந்து, உச்சியில் ஒரு கணம் நின்று யோசிப்பது போலத் தோன்றும். பிறகு விழ விழ வேகம் கூடும். சூரியனைச் சுற்றும் பொருளும் அப்படித்தான். விலகிச் செல்வது மேலே ஏறுவதைப் போன்றது. நெருங்குவது விழுவதைப் போன்றது. பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டிருப்பதால் சூரியனில் விழாமல் அதைச் சுற்றிக்கொண்டு மீண்டும் ஏறுகிறது. செவ்வாய்க் கிரகம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையே என்று பல ஆண்டுகள் கணக்கிட்டு மன்றாடிய கெப்ளர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1609-இல் இதை விதியாக எழுதினார். கிரகத்தையும் சூரியனையும் இணைக்கும் கோடு சமகாலத்தில் சமபரப்பைக் கடக்கும் என்பது அவர் வாக்கு. கோடு குட்டையாக இருக்கும்போது அதே பரப்பைக் கடக்க வேகமாக ஓடவேண்டும், நீளமாக இருக்கும்போது மெல்ல நகர்ந்தால் போதும். அதற்குக் காரணம் ஈர்ப்பு விசையே என்று நியூட்டன் 1687-இல் காட்டினார்.

நம் சந்திரனும் சுத்த வட்டத்தில் வரவில்லை. அதன் தகவு சுமார் 0.055. நான் பிறந்த 2010-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அப்போது பூமி சூரியனுக்கு அருகே இருந்ததால் சூரியன் பெரிதாகவும், சந்திரன் தன் பாதையில் தொலைவில் இருந்ததால் சிறிதாகவும் தெரிந்தன. சந்திரனால் சூரியனை முழுதும் மூட முடியவில்லை. நெருப்பு வளையல்போல் விளிம்பு மிஞ்சியது. இந்துமாக்கடலில் ஓரிடத்தில் அந்த வளையம் 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இந்த ஆயிரமாண்டில் அதைவிட நீண்ட கங்கண கிரகணம் இல்லையாம். எங்கள் ஊரில் அது பகுதி கிரகணமே. அம்மா கர்ப்பமாக இருந்ததால் ஆயா அவர்களை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்களாம். ஆகவே எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நானும்தான்!

ஆனால் என் ஆயா வேறொன்றைப் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத விரும்பினேன்.

1986-ஆம் ஆண்டு. ஆயாவுக்கு வயது முப்பத்தொன்று. ஹாலி வால்மீன் வந்திருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குத் தாத்தா எல்லாரையும் எழுப்பி நந்திவரம் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாராம். அம்மாவுக்கு ஐந்து வயது. நடக்கமாட்டேன் என்று அழுததால் ஆயா இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். ஊரில் இத்தனை விளக்குகள் அன்றில்லை. "தலையும் தெரியல, வாலும் தெரியல. கறுப்புத் துணியில பஞ்சு ஒட்டினாப்புல தெக்கால ஒரு ஓரமா இருந்துச்சு. இதுக்கா தூக்கத்தைக் கெடுத்தேன்னு உங்க தாத்தாவைக் கேட்டேன்" என்பார்கள். ஆனால் அவர்களுடைய பாட்டி 1910-இல் பார்த்தபோது வானத்தில் பெரிய வால் நீண்டிருந்ததாகச் சிறுவயதில் கேட்டிருக்கிறார்களாம். அதே வால்மீன்தான். அந்தத் தடவை பூமிக்கு நன்றாக நெருங்கி வந்தது, 1986-இல் தள்ளிப் போய்விட்டது.

ஹாலியின் தகவு 0.967. முன்பு சொன்ன அட்டையில் இதை வரைய, ஊசிகளை 29 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தி, 59 சென்டிமீட்டர் நூல் வளையம் போடவேண்டும். முப்பது சென்டிமீட்டர் நீளமும் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்ட ஒரு பாதை கிடைக்கும். சூரியன் ஒரு கோடியில், விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த அளவில் பூமியின் பாதை ஒரு பெரிய சட்டைப் பித்தான் அளவுதான். நெப்டியூன் சூரிய ஊசியிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். ஹாலியின் மறுகோடி அதற்கும் அப்பால் போகிறது.

பூமிக்குச் சொன்ன அதே விதிதான் இதற்கும். ஆனால் பூமிக்கு ஒன்பது நாள் வித்தியாசம் என்றால் இதற்கு எவ்வளவு பாருங்கள். சூரியனுக்கு மிக அருகே அது விநாடிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. மறுகோடியில் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு சுற்றுக்குச் சுமார் 76 ஆண்டுகள். அதில் பூமியின் தூரத்தைவிடச் சூரியனுக்கு நெருக்கமாக அது இருப்பது ஏறக்குறைய எண்பதே நாட்கள். நெப்டியூனின் தூரத்துக்கும் அப்பால் இருப்பதோ முப்பத்தைந்து ஆண்டுகள்! கணக்கைப் போட்டுப் பார்த்து நானே ஒருமுறை நம்பாமல் மறுபடியும் போட்டேன். நான் பிறந்த நாள் முதல் இன்றுவரை ஹாலி நெப்டியூன் தூரத்துக்கு இப்பால் வந்ததே இல்லை. ஆயா ஏரிக்கரையில் பார்த்த பஞ்சுத் துணுக்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஏறிக்கொண்டே போய், 2023 டிசம்பர் 9 அன்று சேய்மைநிலையைத் தொட்டுத் திரும்பியது. இப்போது நம்மை நோக்கி விழத் தொடங்கிவிட்டது, மிக மிக மெதுவாக. 2061 ஜூலையில் சூரியனைச் சுற்றும். அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது.

இந்த வால்மீனுக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி, இது திரும்பி வரும் என்று 1705-இல் கணக்கிட்டு வெளியிட்டார். 1742-இல் அவர் இறந்துவிட்டார். 1758-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியில் பாலிட்ஷ் என்ற ஒரு விவசாயி தம் தொலைநோக்கியில் அதைக் கண்டார். நாம் குடிலில் கட்டும் நட்சத்திரத்துக்கு வால் வைக்கிறோமே, அதற்கும் ஹாலிக்கும் தொடர்பு உண்டு என்பர். 1301-இல் ஹாலி வந்து போன சில ஆண்டுகளுக்குப் பின் இத்தாலிய ஓவியர் ஜியோட்டோ, பாதுவா நகரில் மூன்று ஞானிகள் வணங்கும் காட்சியைத் தீட்டினார். அதில் கொட்டிலுக்கு மேலே வால்மீன் ஒன்று பறக்கிறது. 1986 மார்ச்சில் ஹாலியின் அருகே சுமார் 600 கிலோமீட்டரில் பறந்துபோன ஐரோப்பிய விண்கலத்துக்கு அதனால்தான் ஜியோட்டோ என்று பெயர் வைத்தார்கள்.

வால்மீனைப் பார்க்கப் போய் வேறொன்றைக் கண்டவரும் உண்டு. அது நடந்தது நம் கடற்கரையிலேயே. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால் வரும் பாண்டிச்சேரியில், 1689 டிசம்பரில், ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசுசபைக் குருவானவர் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சயாம் நாட்டிலிருந்து இங்கு வந்தவர். அப்போது தெற்கு வானில் பளிச்சென்று ஒளிரும் ஆல்பா சென்டாரி என்ற விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்று அவர் கண்டார். நம் சூரியனுக்கு மிக நெருங்கிய விண்மீன் குடும்பம் அதுவே. அந்த இரண்டும் ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. அவற்றின் தகவு 0.52. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 36 மடங்கு விலகிப் போகும், பிறகு 11 மடங்கு தூரத்துக்கு நெருங்கிவிடும். நெருங்கியிருப்பது கொஞ்ச காலம், விலகியிருப்பதே நெடுங்காலம். கடைசியாக அவை கிட்டே வந்தது 1955-இல். அந்த ஆண்டில்தான் ஆயா பிறந்தார்கள்.

கிரகங்களிலும் இத்தகைய விபரீதம் உண்டு. எச்.டி. 80606 என்ற தூரத்து விண்மீனை 111 நாளில் சுற்றும் ஒரு கிரகத்தை 2001-இல் கண்டுபிடித்தார்கள். தகவு 0.93. அது தன் சூரியனை நெருங்கும்போது, ஆறு மணி நேரத்துக்குள் அதன் வெப்பம் சுமார் 500 பாகையிலிருந்து 1,200 பாகை செல்சியசுக்கு எகிறிவிடுகிறதாம். அங்கே கோடைக்குக் காரணம் கேட்டிருந்தால் என் விடைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்!

இயற்கையில் உள்ளதைச் சொன்னேன். மனிதர் வேண்டுமென்றே இப்படிப்பட்ட பாதையைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. நம் நாட்டு மங்கள்யான் அதற்குத் தக்க சான்று. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அது கிளம்பியது. அந்த ராக்கெட்டுக்குச் செவ்வாய்வரை நேராக எறியும் வலு இல்லை. ஆகவே, பூமியை நீள்வட்டத்தில் சுற்றவிட்டு, ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக நெருங்கி மிக வேகமாக ஓடும் இடத்தில் மட்டும் எஞ்சினைச் சற்று நேரம் எரித்தார்கள். ஊஞ்சல் கீழே வந்து விரையும் தருணத்தில் தள்ளுவது போன்றது இது. கீழே கொடுக்கும் சிறு தள்ளலுக்கு மறுகோடி எங்கேயோ உயர்ந்துபோகும். நவம்பர் 7-இல் மறுகோடி 28,825 கிலோமீட்டர் ஆயிற்று. அடுத்த இரண்டு நாளில் நாற்பதாயிரத்தையும் எழுபதாயிரத்தையும் தாண்டியது.

நவம்பர் 11 அன்று ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்த முயன்றபோது எரிபொருள் ஓட்டம் நடுவே தடைப்பட்டது. விண்கலம் 78,276 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. அன்றிரவு பெங்களூரில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! திட்டத்தின் இயக்குநர்களாக இருந்தவர்கள் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை, சுப்பையா அருணன் ஆகியோர். ஆனால் நீள்வட்டத்தில் ஒரு நன்மை உண்டு. தவறவிட்ட இடத்துக்கே விண்கலம் மறுபடியும் வந்தாகவேண்டும். மறுநாள் விடிவதற்குள் அது வந்தது. எஞ்சினை மீண்டும் எரித்து 1,18,642 கிலோமீட்டருக்கு உயர்த்திவிட்டார்கள். 16-ஆம் தேதி 1,92,874 ஆயிற்று. டிசம்பர் 1 அன்று பூமியை விட்டே கிளம்பிப் போய்விட்டது.

2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்ததும் அங்கேயும் நீள்வட்டந்தான். கிட்டத்தில் 421.7 கிலோமீட்டர், எட்டத்தில் 76,993.6 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 72 மணி 51 நிமிடம். நானே கணக்கிட்டதில் தகவு 0.91 வந்தது, ஹாலியின் சாயல்! வட்டப்பாதையில் நிறுத்துவதென்றால் வேகத்தை வெகுவாகக் குறைக்க நிறைய எரிபொருள் வேண்டும். நீள்வட்டத்துக்குக் கொஞ்சம் பிரேக் போட்டால் போதும். எட்டத்தில் சோம்பலாக நகரும்போது செவ்வாயின் முழு முகத்தையும் ஒரே படத்தில் பிடிக்கலாம். அட்டையில் வரைந்தால் (ஊசி இடைவெளி 27.3, நூல் 57.3 சென்டிமீட்டர்) செவ்வாய் ஊசியைச் சுற்றி 1.2 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள், அதுதான் கிரகத்தின் உடல். விண்கலம் அதை ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் உரசுவதுபோல் கடப்பது தெரியும். இதை வரைந்தபோது எனக்கே உடல் கூசியது. ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய அந்தக் கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது. பின்னர் 2023-இல் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-ம், செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1-ம் இதே போலப் படிப்படியாக நீள்வட்டம் ஏறியே பூமியை விட்டன.

சந்திரா என்ற விண்வெளித் தொலைநோக்கியையும் சொல்லவேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் அவர்களின் பெயரே அதற்கு. அந்தப் பெயர்ப் போட்டியில் வென்றவர்கள் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவரும் ஓர் ஆசிரியையும். 1999 ஜூலை 23 அன்று அதை ஏற்றிச் சென்ற கொலம்பியா விண்கலத்துக்குத் தலைமை தாங்கியவர் ஐலீன் காலின்ஸ். ஷட்டில் விண்கலத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி அவரே. சந்திரா எக்ஸ் கதிர்களால் வானைப் பார்க்கிறது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களுக்குள் இருந்தால் அதன் வேலை நடக்காது. எனவே, சந்திரனுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்வரும் நீள்வட்டத்தில் விட்டார்கள். ஒரு சுற்றுக்கு 64 மணி நேரம். பூமியை நெருங்கும்போது வளையங்களை விரைந்து கடந்துவிடும். எட்டத்திலோ சாவகாசமாக 55 மணி நேரம்வரை இடைவிடாமல் பார்க்கலாம். விலகி நிற்கும்போது மெதுவாகப் போவதையே இங்கே பயனாக்கிக் கொண்டார்கள்.

மையம் விலகுவது வானத்துக்கு மட்டும் உரியதன்று. நம் தையல் வகுப்பு இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்தால், சுழலும் தண்டில் மையம் தள்ளிப் பொருத்திய ஒரு வட்டத்துண்டு தெரியும். மெக்கானிக்குகள் அதை எக்சென்ட்ரிக் என்பார்கள். நடுவில் பொருத்தியிருந்தால் அது சும்மா சுழன்றுகொண்டிருக்கும். தள்ளிப் பொருத்தியதால்தான் சுழற்சி முன்னும் பின்னுமான அசைவாக மாறி, ஊசிக்குக் கீழேயுள்ள பற்கள் துணியை நகர்த்துகின்றன. பல செல்போன்களில் அதிர்வைத் தருவதும், அச்சில் ஒருபக்கமாகச் சாய்ந்த எடையைச் சுழற்றும் ஒரு சின்ன மோட்டார்தான். (பள்ளிக்கூடத்துக்கு அதைக் கொண்டுவரக் கூடாது என்பதால் மேலும் சொல்லாமல் விடுகிறேன்.)

சென்ற வைகாசியில் ஓரிரவு ஒன்பது மணி சுமாருக்கு ஆயாவும் நானும் அதே ஏரிக்கரைக்குப் போனோம். தெற்கே அடிவானுக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. இடப்பக்கம் இருப்பதுதான் பாண்டிச்சேரியில் இரண்டாகப் பிரிந்த விண்மீன் என்று காட்டினேன்.

"எனக்கு ஒண்ணாத்தானே தெரியுது?" என்றார்கள்.

வெறும் கண்ணுக்கு எல்லாருக்கும் ஒன்றாகத்தான் தெரியும், தொலைநோக்கி வேண்டும் என்றேன். ஹாலி எப்போது வரும் என்று கேட்டார்கள். 2061 என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அதை நீ பாரு. உன் பேத்தியைத் தூக்கிக்கிட்டுப் போ" என்று சொல்லிச் சிரித்தார்கள். இந்த இரண்டு விண்மீன்களும் மறுபடி கிட்டே வருவது 2035-இல் என்று நான் சொன்னதும் மீண்டும் எண்ணினார்கள்.

"எண்பது தானே ஆவும்? அதுக்குள்ள அந்தத் தொலைநோக்கி ஒண்ணு வாங்கி வை. கண் ஆபரேஷனை நான் இந்த வருஷமே பண்ணிக்கறேன்."